விரிப்பின் அடியில் இருந்த காகிதம்



ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் மதரஸாவில் இஸ்லாமிய வரலாற்றுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மஹல்லா என்பதால் வகுப்பில் அமரும் பிள்ளைகள் பலதரப்பட்டவர்கள். சிலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள், சிலர் தக்னி உருது பேசுபவர்கள். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கன்னடம் சரளமாக வரும். அண்மைக் காலமாக பீகார், அஸ்ஸாம் பகுதிகளிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே பாடத்தைத் தமிழில் தொடங்கி, உருதுவில் விளக்கி, சைகையில் முடிக்க வேண்டியிருக்கும்.

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு ஞாயிறன்று தில்லி சுல்தான் ஷம்சுத்தீன் இல்துத்மிஷின் வரலாற்றைச் சொன்னேன். அடிமையாக விற்கப்பட்ட சிறுவன் அரியணை ஏறிய வரலாறு அது. பிள்ளைகளுக்கு எப்போதும் பிடிக்கும். ஏழைப் பிள்ளைகளின் மனத்தில் நம்பிக்கையை விதைக்க இதைவிடச் சிறந்த வரலாறு கிடையாது என்று பல ஆண்டுகளாக நானும் எண்ணியிருந்தேன்.

பாடம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் எழுந்து நின்றான். அவனுடைய தந்தை ஒரு ஒப்பந்ததாரரிடம் கூலி வேலை பார்ப்பவர்.

"ஹஜ்ரத், ஒரு சந்தேகம். அவரே அடிமையாக இருந்து கஷ்டப்பட்டவர்தானே? ராஜாவான பிறகு மற்ற அடிமைகளை எல்லாம் விடுதலை செய்துவிட்டாரா?"

இல்லை என்பதுதான் உண்மை. அவர் மேலும் பல அடிமைகளை விலைக்கு வாங்கினார். ஆனால் அன்று அதைச் சொல்ல என் நா எழவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று கூறி துஆ ஓதி வகுப்பை முடித்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் எனக்கு நேர்ந்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இல்துத்மிஷ் துருக்கியரின் இல்பரி குலத்தில் பிறந்தவர். தந்தை அவர்மீது காட்டிய பாசத்தைக் கண்டு பொறாமை கொண்ட சகோதரர்கள், அவரை ஓர் அடிமை வணிகரிடம் விற்றுவிட்டனர். நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டும் இந்தச் செய்தியை, அவருடைய அரசவையோடு தொடர்புடையவரும் காழியாகப் பணியாற்றியவருமான மின்ஹாஜுஸ் ஸிராஜ் ஜுஸ்ஜானி 1260-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி முடித்த 'தபகாதே நாஸிரி' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

புகாரா நகரில் அவரை வாங்கிய வீட்டார் ஒருநாள் சிறு காசு ஒன்றைக் கொடுத்துத் திராட்சை வாங்கிவர அனுப்பினார்களாம். வழியில் காசு தொலைந்துவிட்டது. சிறுவன் அஞ்சி அழுதுகொண்டு நின்றான். அவ்வழியே வந்த ஒரு ஃபகீர் அவனுடைய கையைப் பிடித்து அழைத்துச் சென்று, தம் காசில் திராட்சை வாங்கிக் கொடுத்தார். உனக்கு ஆட்சி கிடைக்கும்போது இறைநேசர்களையும் எளியோரையும் மதித்து நடக்க வேண்டும் என்று உறுதிமொழி பெற்றுக்கொண்டு அனுப்பினார். தாம் பெற்ற ஆட்சி அனைத்தும் அந்த ஃபகீரின் பார்வையால் கிடைத்தது என்று சுல்தான் பிற்காலத்தில் சொல்வதுண்டு என்று ஜுஸ்ஜானி குறிப்பிடுகிறார்.

பின்னர் ஒரு வணிகர் அவரை கஜ்னிக்குக் கொண்டுசென்றார். சுல்தான் முஇஸ்ஸுத்தீன் முஹம்மது கோரி விலை பேசினார். வணிகர் அந்த விலைக்கு இணங்கவில்லை. சினமுற்ற சுல்தான், கஜ்னியில் இந்த அடிமையை எவரும் வாங்கக் கூடாது என்று தடை விதித்தார். இறுதியில் சுல்தானின் தளபதியான குத்புத்தீன் ஐபக் அனுமதி கேட்டுப் பெற்று, கஜ்னியில் வாங்க இயலாததால் தில்லிக்கு வரவழைத்து வாங்கினார். அந்த ஐபக்கும் அடிமையே. நைஸாபூர் நகரின் காழி ஒருவர் அவரைச் சிறு வயதில் வாங்கி, தம் பிள்ளைகளோடு சேர்த்துக் குர்ஆனும் குதிரையேற்றமும் வில்வித்தையும் கற்பித்து வளர்த்தவர். அக்காலத்து நிலைமையைப் பாருங்கள்: ஓர் அடிமை இன்னோர் அடிமையை வாங்கினார்.

1205-06-ஆம் ஆண்டில் ஜேலம் நதிப் பகுதியில் கோக்கர்களுக்கு எதிராக நடந்த போரில், இல்துத்மிஷ் குதிரையோடு ஆற்றில் இறங்கிப் போரிட்டார். அதைக் கண்ட முஇஸ்ஸுத்தீன், அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி ஐபக்குக்கு உத்தரவிட்டார். உத்தரவின்படி ஐபக் எழுதிக் கொடுத்தார். அப்போது ஐபக்குக்கே விடுதலைப் பத்திரம் வந்திருக்கவில்லை. எஜமானுக்கு முன்பே அவருடைய அடிமை சட்டப்படி சுதந்திர மனிதராகிவிட்டார்.

1210-ஆம் ஆண்டு லாகூரில் சௌகான் என்னும் குதிரைப் பந்தாட்டத்தின்போது ஐபக் கீழே விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு இல்துத்மிஷ் தில்லியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அதன் பின்னர் நடந்த ஒரு நிகழ்வே இக்கட்டுரைக்குக் காரணம். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து இந்தியாவுக்கு வந்து, முஹம்மது பின் துக்ளக்கின் காலத்தில் தில்லியின் காழியாகப் பணியாற்றிய பயணி இப்னு பதூதா இதைத் தம் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார்.

அடிமை ஒருவர் சுதந்திர மனிதர்களுக்கு ஆட்சியாளராக இருக்க ஷரீஅத்தில் இடமில்லை. ஆகவே தலைமைக் காழி வஜீஹுத்தீன் அல்-காஸானியும் மார்க்க அறிஞர்களும் திரண்டு சுல்தானின் முன் வந்து அமர்ந்தனர். என்ன கேட்க வந்திருக்கிறார்கள் என்பதைச் சுல்தான் புரிந்துகொண்டார். அவர்கள் வாய் திறக்கும் முன்பே, தாம் அமர்ந்திருந்த விரிப்பின் ஓரத்தை உயர்த்தி, அதன் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய விடுதலைப் பத்திரம் அது. காழி படித்தார். அறிஞர்கள் படித்தனர். பின்னர் அனைவரும் பைஅத் செய்தனர்.

இந்த நிகழ்வைப் பல முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அரியணையில் இருப்பவர் அந்தக் காகிதத்தைக் கருவூலத்தில் பூட்டி வைத்திருக்கலாம். எரித்துவிட்டு, தாம் அரச குலத்தில் பிறந்தவர் என்று புலவர்களைக் கொண்டு எழுதச் செய்திருக்கலாம். ஆனால் கை எட்டும் இடத்தில் வைத்திருந்தார். தாம் விற்கப்பட்டவர் என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ளும் காகிதமும் அதுவே, தாம் விடுதலை பெற்றவர் என்பதற்கான ஆதாரமும் அதுவே. ஒன்றை மறைத்தால் மற்றொன்றும் மறைந்துவிடும்.

அச்சிறுவன் கேள்வி கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் என் வீட்டிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நான் எவரிடமும் சொல்லாத செய்தி அது.

என் அத்தா கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு கல்குவாரியில் வேலை செய்தவர். "குவாரியில் மேஸ்திரியாக இருந்தேன்" என்றே எங்களிடம் சொல்லி வந்தார். எனக்கு நான்கு வயதில் நாங்கள் அங்கிருந்து வெளியேறினோம். வெடி வைக்கும் முன் ஊதும் ஊதல் ஒலி மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு கிருஷ்ணகிரியின் மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கி எங்களை வளர்த்தார், என்னை மதரஸாவில் சேர்த்து ஓத வைத்தார். 2016-ஆம் ஆண்டு அவர் வஃபாத்தான பின், அவருடைய தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தூக்கியபோது அதற்குக் கீழே நான்காக மடித்த ஒரு காகிதம் கிடைத்தது. வட்ட முத்திரை, அதிகாரியின் கையொப்பம், அத்தாவின் பெயர். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இன்னார் விடுவிக்கப்பட்டார் என்று 1985-ஆம் ஆண்டு கொடுக்கப்பட்ட சான்றிதழ்.

அத்தா மேஸ்திரியாக இருந்ததில்லை. எங்கள் பாட்டியின் மருத்துவச் செலவுக்கு 800 ரூபாய் முன்பணம் வாங்கி, ஆறு ஆண்டுகள் அம்மாவோடு சேர்ந்து கல் உடைத்தும் தீராத கடனில் இருந்திருக்கிறார். அம்மாவிடம் கேட்டபோது, "உன்னை நாலு பேர் ஹஜ்ரத் என்று மதிக்கிறார்கள். இதெல்லாம் எதற்கு?" என்று மட்டும் சொன்னார்கள். நானும் அக்காகிதத்தை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அத்தாவின் மரியாதையைக் காப்பதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காத்தது என் மரியாதையை.

அந்தச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரிகள் சொல்ல வேண்டும். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றச் சட்டமானது. அதன்படி முன்பணம் கொடுத்து ஒருவருடைய உழைப்பையும் நடமாட்டத்தையும் கட்டி வைப்பது குற்றம். அத்தகைய கடன் சட்டத்தின் பார்வையில் அற்றுப்போய்விடும். விடுவிக்கப்பட்டவர் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் ஹரியானா மாநிலம் ஃபரீதாபாத் பகுதிக் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் முக்கியமானது. ஒருவரிடம் கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தால், அவர் முன்பணத்தினால் கட்டுண்டவர் என்றே கருத வேண்டும், அல்ல என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்று அத்தீர்ப்பு கூறியது. தாம் வாங்கிய கடனைக் காகிதத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கும் கூலித் தொழிலாளி எங்கே இருக்கிறார்? அத்தாவுக்கும் எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டது விடுதலை மட்டுமே.

இனி, நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிவாசலுக்கு ஓராண்டுக்கும் மேலாக ஓர் இளைஞர் தொழ வந்துகொண்டிருந்தார். பீகாரின் கிஷன்கஞ்ச் பகுதியைச் சேர்ந்தவர், இருபத்திரண்டு வயது. ஒரு நாள் ஒளு செய்யும் இடத்தில் மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்ததைக் கேட்டு விசாரித்தேன். ஹாஃபிழ். முப்பது ஜுஸ்உவும் மனத்தில் இருக்க, தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓர் ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்துகொண்டிருந்தார். வரும் ரமளானில் தராவீஹ் தொழுகைக்கு நீங்களும் நில்லுங்கள் என்று அழைத்தேன். "மௌலானா, ஷிஃப்ட் மாற்றித் தர மாட்டார்கள். வேறு வேலைக்கும் போக முடியாது. என் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை எல்லாம் அவரிடம் இருக்கின்றன" என்றார்.

அக்காவின் நிகாஹுக்காக 30,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். மாதம் 2,500 ரூபாய் வீதம் பதினாறு மாதங்களில் 40,000 ரூபாய் பிடித்தாகிவிட்டது. இன்னும் 14,000 ரூபாய் பாக்கி என்கிறார்கள். அறை வாடகை, சாப்பாடு, வரும்போது எடுத்த ரயில் டிக்கெட் என்று கணக்கு வளர்ந்துகொண்டே போகிறது.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? "ஸப்ர் செய்யுங்கள், அல்லாஹ் லேசாக்குவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காரணம் இருந்தது. அந்த ஒப்பந்ததாரர் நம் சமுதாயத்தவர். ரமளான் முழுவதும் நோன்புக் கஞ்சிச் செலவை ஏற்பவர். சென்ற ஆண்டு பள்ளிவாசலுக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தவர். மதரஸாவின் மின்விசிறிகளும் அவர் வாங்கித் தந்தவையே. அந்த மின்விசிறியின் கீழ் அமர்ந்துதான் அடிமை சுல்தானின் வரலாற்றை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிறுவனின் கேள்விக்கு விடை தேடி அந்த வாரம் நூல்களைப் புரட்டினேன். இல்துத்மிஷ் சிறந்த ஆட்சியாளர்தான். மங்கோலியப் படையெடுப்பின் புயல் மத்திய ஆசியாவை அழித்த காலத்தில் நாட்டைக் காத்தார். வெள்ளித் தங்காவை நிலையான நாணயமாக்கினார். குத்பு மினாரை உயர்த்தினார். மக்களுக்காக ஹௌஸே ஷம்ஸி என்னும் நீர்த்தேக்கத்தை வெட்டினார். மகன்களைவிட மகள் ரஸியாவே ஆளத் தகுதியுடையவர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அநீதி இழைக்கப்பட்டவர் வண்ண ஆடை அணிந்து வர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார் என்கிறார் இப்னு பதூதா. வெண்ணிற ஆடை அணிந்த மக்களிடையே அவர் உடனே கண்ணில் படுவார் அல்லவா? இரவில் வருபவருக்காக அரண்மனை வாயிலில் பளிங்குச் சிங்கங்கள் இரண்டை நிறுத்தி, அவற்றின் கழுத்துச் சங்கிலியில் மணி கட்டி வைத்தார். மணி ஒலித்தால் இரவிலேயே விசாரணை நடக்கும்.

ஆனால் அதே சுல்தான், 1230-களின் தொடக்கத்தில் ஒரு துருக்கிய அடிமையை விலைக்கு வாங்கினார். அவரே பிற்காலத்தில் 1266 முதல் 1287 வரை ஆண்ட கியாஸுத்தீன் பல்பன். பல்பன் அரியணை ஏறியதும் தாம் பாரசீகக் காவியங்களில் வரும் அஃப்ராஸியாப் மன்னரின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டார். தாழ்ந்த குலத்தவர் என்று தாம் கருதியவர்களை அருகில் சேர்க்கவில்லை, பதவியும் கொடுக்கவில்லை. சந்தையில் விற்கப்பட்ட ஒருவர், சந்தையில் விற்கப்படும் மனிதரைப் பார்க்கவும் விரும்பாதவரானார்.

அதைப் படித்தபோது எனக்குப் பல்பனைத் தெரிந்தது. அத்தாவின் காகிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, அதே நிலையில் நின்ற ஓர் இளைஞருக்கு ஸப்ரை உபதேசித்த மனிதரை நான் நன்கு அறிவேன். என் வாயிலில் மணி ஒலித்தது. எழுந்து போகாதவன் நான்.

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் அடிமைத்தளையில் இருப்போரையும் கடன்பட்டோரையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. கடினமான மலைப்பாதை எது என்று கேட்டு, முதல் விடையாக அடிமையை விடுவிப்பதையே கூறுகிறது. பிழை பொறுக்கும் பல பரிகாரங்களில் அதையே முதன்மைப்படுத்துகிறது. சுதந்திர மனிதரை விற்று அந்த விலையை உண்பவனுக்கும், கூலிக்காரரிடம் முழு வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் அல்லாஹ் தானே வழக்காடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். இவை அனைத்தையும் பல ஆண்டுகளாக நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமை இஷாவுக்குப் பின், ஜமாஅத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் சென்று பேசினேன். "ஜகாத் நிதியிலிருந்து அந்த 14,000 ரூபாயைக் கட்டி மீட்டுவிடலாமா?" என்று கேட்டேன். அவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். பின், "ஹஜ்ரத், 30,000 வாங்கியவர் 40,000 கொடுத்துவிட்டார். இல்லாத கடனுக்கு ஏழைகளின் ஜகாத்தை ஏன் கொடுக்க வேண்டும்? வாருங்கள், நேரில் போவோம்" என்றார்.

மறுநாள் ஜுமுஆவுக்குப் பின் ஒப்பந்ததாரரின் வீட்டுக்குச் சென்றோம். அன்போடு வரவேற்றார். தேநீர் வந்தது. கஞ்சிக்குப் பணம் கேட்க வந்திருக்கிறோம் என்று எண்ணினார். எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே சட்டைப் பையிலிருந்து அத்தாவின் காகிதத்தை எடுத்து அவர் முன் வைத்தேன்.

"பாய், இது என் அத்தாவின் காகிதம். குவாரியில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர் அவர். நான் பிறந்ததும் அங்கேதான்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. தலைமையாசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இளைஞரைப் பற்றிச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"ஹஜ்ரத், இருபத்தைந்து வருடத்துக்கு முன் நான் இந்த ஊருக்கு வந்தபோது லாரியில் லோடு ஏற்றினேன். என் ரேஷன் கார்டை மேஸ்திரி பிடித்து வைத்திருந்தார். எனக்காக யார் பேச வந்தார்கள்? கடைசிப் பைசா வரை கட்டித்தான் வெளியே வந்தேன். இந்தத் தொழிலில் இப்படித்தான் நடக்கும். காகிதத்தைக் கொடுத்தால் நாளைக்கே ரயில் ஏறிவிடுவார்கள்" என்றார்.

அங்கே அமர்ந்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைச் சிறுவனுடைய கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்தது. கஷ்டப்பட்டவர் பிறர் கஷ்டத்தை உணர்வார் என்று நாம் எண்ணுகிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. தாம் கடந்து வந்த பாதையே உலகின் நியதி என்று நம்பிவிடுவதும் உண்டு. தமக்கு யாரும் திறக்காத கதவைப் பிறருக்குத் திறக்க மனம் வருவதற்கு, கஷ்டப்பட்ட அனுபவம் மட்டும் போதாது. அல்லாஹ்வின் அச்சமும் வேண்டும், அதை நினைவூட்ட ஒருவரும் வேண்டும்.

"பாய், உங்களுக்காக அன்று யாரும் வராதது எங்கள் குற்றம். ஒருவர் வந்திருக்க வேண்டும். இன்று உங்களிடம் நாங்கள் வந்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன். மற்றவரின் அடையாள அட்டையை வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை என்பதையும், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தலைமையாசிரியர் நிதானமாக விளக்கினார். அவர் பதில் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். தேநீரை முடிக்காமலே திரும்பினோம்.

மறுநாள் மஃரிபுக்கு ஒரு பையன் வந்து, நெகிழி உறையில் சுற்றிய பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை மூன்றும் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ஆண்டு கஞ்சிக்குப் பணம் வரவில்லை. ஹஜ்ரத் தேவையில்லாத விஷயத்தில் தலையிட்டார் என்று ஜமாஅத்தில் சிலர் வருந்தினார்கள். அவர்களுடைய கவலை நியாயமானதே. முதல் மூன்று நாட்கள் கஞ்சி மெலிந்திருந்தது. பிறகு பெண்கள் தங்களுக்குள் பேசி, தெருவுக்கு ஒரு நாள் என்று அரிசியும் பருப்பும் பகிர்ந்துகொண்டார்கள். இருபத்தொன்பது நாளும் கஞ்சி நிற்கவில்லை.

அந்த இளைஞர் எல்லைக்கு அப்பால் கர்நாடகப் பக்கத்தில் வேறு வேலை தேடிக்கொண்டார். ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் பேருந்தேறி வந்து எங்களுக்குத் தராவீஹ் தொழவைத்தார். வெளியூர்க் கூலித் தொழிலாளி முன்னால் நிற்பதா என்று ஒருவர் என் காதில் முணுமுணுத்தார். ஹிஜ்ரத்தின் தொடக்கத்தில், நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேரும் முன், குபா பகுதியில் முஹாஜிர்களுக்குத் தொழவைத்தவர் விடுதலை பெற்ற அடிமையான ஸாலிம் (ரலி) அவர்கள் என்பதை நினைவூட்டினேன். குர்ஆனை அதிகம் மனனம் செய்திருந்தார் என்பதே அதற்குக் காரணம். முணுமுணுத்தவர் அன்றிரவு முதல் வரிசையில் நின்று அழுததைக் கண்டேன்.

அனைத்தும் நன்றாக முடிந்துவிட்டது என்று எழுத இயலாது. அந்த அறையில் அவரோடு தங்கியிருந்தவர்கள் ஆறு பேர். இருவருடைய அட்டைகள் திரும்பக் கிடைத்தன. ஒருவர் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். மற்ற மூவருக்காக நானும் தலைமையாசிரியரும் சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஒப்பந்ததாரர் இப்போது வேறு பள்ளிவாசலுக்குத் தொழச் செல்கிறார். அவருக்காகவும் துஆ செய்கிறேன். என் குரலில் அவரும் தம் கதையைச் சொன்னார் என்பதை நான் மறக்கவில்லை.

அந்த ஞாயிறு வகுப்பில் சிறுவனின் கேள்விக்குப் பதில் சொன்னேன். "இல்லை, அவர் எல்லா அடிமைகளையும் விடுதலை செய்யவில்லை. தாமும் வாங்கினார். அவர் நல்ல சுல்தான்; ஆனால் அந்த விஷயத்தில் அவர் காலத்தவர்கள் செய்ததையே செய்தார். அரியணை ஏறிய ஒரு அடிமையின் பெயர் நமக்குத் தெரியும். ஏறாத ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். அடிமை அரசனாவது அரிதான செய்தி. நம்மிடம் மார்க்கம் கேட்பது அதைவிட எளிமையானது, ஒருவருடைய கழுத்தை விடுவிக்க வேண்டும் என்பதே" என்றேன்.

பிறகு அத்தாவின் காகிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். கைமாறிக் கைமாறிப் பின்வரிசை வரை சென்றது. அந்தச் சிறுவன் நெடுநேரம் பார்த்தான். முத்திரையின் மேல் விரல் வைத்துத் தடவினான். "ஹஜ்ரத், இது கிழிந்துவிடும் போலிருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள்" என்றான்.

போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அது பெட்டியின் அடியில் இல்லை. வகுப்பறையில் நான் அமரும் இடத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

சகோதர சகோதரிகளே, நம் வீடுகளிலும் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்வோரின் அட்டையோ சான்றிதழோ நம் அலமாரியில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால், இன்ஷா அல்லாஹ், நாளை ஸுப்ஹுக்குப் பின் முதல் வேலையாக உரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக. அவர்கள் வெட்கப்பட்டு மறைத்தவற்றை எங்களுக்குக் கண்ணியமாக ஆக்குவாயாக. எவருடைய கழுத்திலும் எங்கள் கை இல்லாத நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக. ஆமீன்.